மாப்பிள்ளைக்குக் கால் இல்லை

பிப்ரவரி 4

பெரியவளுக்கு,

உன் கடிதத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரர் படித்துக் காட்டினார். ஒரு தடவைதான். எழுத்து ஏறாத மண்டையில் காதில் விழுந்தது மட்டும் இறங்காமல் தங்கிவிடும், உனக்குத் தெரியும். "அப்பா, உங்கள் மூச்சு வாங்கலுக்கு இதயத்தில் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் காந்த அறையிலேயே செய்யலாம், எக்ஸ்ரே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில், "தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை ஒரு மெல்லிய கம்பி போகும்" என்கிறாய். தெருவில் தபால்காரர் போவார் என்பது போல எழுதிவிட்டாய்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நாம் போனை எடுத்தால் மூன்றாவது பேச்சில் சண்டை, நாலாவதில் யார் முதலில் வைப்பது என்று போட்டி. கடிதம் என்றால் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

நீ நடை பழகாத காலம். நான் வானொலி நிலையத்தில் கோபுரம் ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கோபுரத்தடியில் பழைய கம்பி ஒன்று கிடந்தது. எதிலும் இணைக்காத கம்பி. எங்களில் ஒருவன், குள்ளன் என்று கூப்பிடுவோம், இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைச் சுருட்டப் போனான். மேலே ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது. கம்பி அவன் உள்ளங்கையைக் கடித்தது. கடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, உள்ளே வெந்துவிட்டது. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. "கரண்டே இல்லியேடா, எப்படிடா சுட்டுச்சு?" என்று அழுதான். இன்ஜினியர் வந்து, "காத்துல போற அலையைக் கம்பி பிடிச்சுக்கும். நீளம் பொருந்திட்டா முனையில சூடா வந்து இறங்கும்" என்றார்.

உன் மெஷினும் உடம்புக்குள் அலை அனுப்பித்தானே படம் எடுக்கிறது? நீதான் ஒருமுறை பெருமையாகச் சொன்னாய். அப்படியென்றால் என்னை ஒலிபரப்புக் கோபுரத்துக்குள் படுக்க வைத்து, நெஞ்சுக்குள் கம்பியையும் விடப் போகிறாய். கையில் ஒரு புள்ளி வெந்தால் குள்ளன் போல மற்றக் கையால் சாப்பிடலாம். இதயம் இன்னொன்று எங்கே இருக்கிறது?

பயம் என்று நினைக்காதே. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது, அவ்வளவுதான். "பூனைன்னு எழுதிட்டா பயம் இல்லன்னு ஆயிடுமா?" என்று தையல்காரர் கேட்கிறார். அதையும் எழுதிக்கொண்டிருக்கிறார் பார்.

அப்பா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். குள்ளன் மாமா கதை வந்ததும் அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "உங்கப்பா பயப்படறது சரிதாம்மா. நாமளும் இத்தனை வருஷமா இதுக்குத்தானே பயந்துட்டிருக்கோம்" என்றார்.

அதனால் மறைக்க மாட்டேன். நீங்கள் சொன்னதேதான் இங்கேயும் நடக்கும். கம்பி அலையைப் பிடித்துக்கொள்ளும், முனை சூடாகும். அப்படியானால் எக்ஸ்ரேயிலேயே செய்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். எக்ஸ்ரேயில் கம்பியும் எலும்பும் நிழலாகத் தெரியும், இதயத்தின் சதை தெரியாது. டாக்டர் பாதி கண்ணாலும் பாதி பழக்கத்தாலும் போகிறார். காந்த அறையில் இதயம் துடிப்பதே தெரியும். பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரேக் கதிர் அந்தச் சின்ன உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. பிளாஸ்டிக் கம்பி சுடாது. ஆனால் ஈர நூலை ஊசியில் கோர்ப்பது போல வளைந்து வளைந்து நிற்கும், தையல்காரரைக் கேளுங்கள். திருப்பினால் திரும்ப, தள்ளினால் போக, உலோகம்தான் வேண்டும்.

நாங்கள் கம்பியை அப்படியே விட்டுவிட்டு மெஷினை அடக்கினோம். அலையின் பலத்தை வெகுவாகக் குறைத்துவிட்டோம். படம் கொஞ்சம் மணல் மணலாக வரும், வழி தெரிய அது போதும். படத்துக்குப் படம் இடைவெளி விடுகிறோம். ஆள் படுக்கும் மெஷின் குழாயின் சுவரை ஒட்டி அலை உக்கிரமாக இருக்கும், அதனால் ஆளையும் கம்பியையும் நடுவில் வைக்கிறோம். கம்பியின் முனையோடு முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையில் ஒரு தெர்மாமீட்டர் போகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த எண்ணை மட்டும் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு டிகிரி ஏறினால் நிறுத்திவிடுவேன்.

உங்களுக்கு முன்னால் இதையெல்லாம் தாங்கியவர் ஒருவர் இருக்கிறார். ஆள் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே உப்பு ஜெல்லி. எல்லோரும் சுற்றி நின்று கவனிக்க, வாயே திறக்காமல் படுத்திருப்பதால் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். கம்பி முனை சுடாமல் எத்தனையோ தடவை அவர் வெளியே வந்துவிட்டார்.

உங்களுக்கு முன் சில பெரியவர்களுக்குச் செய்தாயிற்று, நன்றாக முடிந்தது. உங்கள் கையில் ஒரு ரப்பர் பந்து தருவோம். என்ன தெரிந்தாலும் அமுக்குங்கள். தெர்மாமீட்டர் ஒரே இடத்தைத்தான் பார்க்கும், மனிதனுக்கு உடம்பு முழுக்கத் தெரியும்.

எந்த அறை என்று நீங்களே சொல்லுங்கள். எக்ஸ்ரே அறை என்றாலும் எனக்கு வருத்தமில்லை. எனக்கும் பயம்தான் அப்பா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பதால் குறைந்துவிடவில்லை.

உங்கள் பெரியவள்

*

பிப்ரவரி 20

பெரியவளுக்கு,

வருகிறேன். காந்த அறையே இருக்கட்டும். இத்தனை நாள் என் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களிடம் "ஆஸ்பத்திரியில" என்று மட்டும் சொல்லிவந்தேன். உள்ளே படுத்துப் பார்த்துவிட்டால் விவரமாகச் சொல்லலாம்.

ரப்பர் பந்துதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. கோபுரத்தில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மேலே இருப்பவன் கத்தக் கூடாது. ஒருவன் கத்தினால் பக்கத்தில் தொங்குகிறவன் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவான். எது கடித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கு, இறங்கின பிறகு சொல். அப்படியே பழகிய உடம்பு இது. பந்தை வேண்டுமானால் பிடித்துக்கொள்கிறேன், நீ ஆசையாகத் தருவதால்.

மாப்பிள்ளை எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வீட்டில் சம்பந்தம் செய்துகொண்டுவிட்டார் போல. பார்த்தால் மரியாதையாக நடந்துகொள்கிறேன்.

அப்பா

*

மார்ச் 10

அன்புள்ள அப்பா,

பத்திரமாக ஊர் சேர்ந்தீர்களா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? நுரையீரல் பக்கம் அழுத்தம் கூடியிருக்கிறது, ஆனால் மாத்திரைக்கு அடங்கும் அளவுதான் என்று டாக்டர் சொல்கிறார். ஜூனில் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

நீங்கள் போன பிறகும் எனக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. முனையின் எண் கால் டிகிரிகூட நகரவில்லை அப்பா! வெளியே வந்தவுடன் நான் கேட்டதும், "ஒண்ணுமே இல்லம்மா, நல்லாத் தூங்கினேன்" என்று நீங்கள் சொன்னதும் காதிலேயே இருக்கிறது. டாக்டர் அதை மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

காத்திருக்கும் இடத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, முன்பல் விழுந்த பெண், அவளுக்கு 25ஆம் தேதி செய்கிறோம். இங்கே காந்த அறையில் கம்பியோடு செய்யப்போகும் முதல் குழந்தை அவள்தான். பெரியவர்கள் அத்தனை பேருக்கும் நன்றாக முடிந்த பிறகுதான் அவளுடைய அம்மா கையெழுத்துப் போட்டார். கடைசியாக நன்றாக முடிந்தது உங்களுக்கு.

உங்கள் பெரியவள்

*

மார்ச் 15

பெரியவளுக்கு,

மாத்திரை போடுகிறேன். மூச்சு பரவாயில்லை.

அந்தப் பிள்ளை, ஓட்டைப்பல்லி என்று நான் கூப்பிட்டால் சிரிக்கும். அன்று பேசியதை உனக்குச் சொல்லவில்லை. "தாத்தா, உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டாள். "பயமா? எனக்கா? மேகத்துல தலை இடிக்கிற கோபுரம் ஏறினவன் நான்" என்றேன். அவள் அதைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு. பெரியவங்க யாரும் நெஜத்தைச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க போயிட்டு வந்து எனக்கு மட்டும் சொல்றீங்களா? சுட்டா சுட்டுச்சுன்னு சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

உள்ளே எப்படி இருந்தது என்று நீ கேட்கவேயில்லை. தகர டிரம்முக்குள் ஆளைப் போட்டு வெளியே நாலு பேர் சுத்தியலால் அடிப்பது போல. மூக்குக்கு மேலே கூரை. கண்ணை மூடிக்கொண்டு குள்ளனின் கையை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். நினைக்காமல் இரு என்றால்தான் அது முன்னால் வந்து உட்காரும்.

வெளியே வண்டியில் தள்ளிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. "ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்கு இப்போதே செய்யத்தான் வேண்டுமா? கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன? வெயில்காலம் போகட்டும் என்று ஏதாவது சொல்லேன்.

அப்பா

*

மார்ச் 19

அப்பா,

வெயிலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? தள்ளிப் போட எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. அவளுடைய அம்மாவே ஒவ்வொரு நாளும் நூறு கேள்வியோடு வருகிறார். நீங்களும் பயமுறுத்தாதீர்கள். உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 25ஆம் தேதிதான்.

பெரியவள்

*

மார்ச் 23

பெரியவளுக்கு,

காலையில் தையல்காரரின் போனில் நான் பேசியது இவ்வளவுதான். "அந்தப் பிள்ளையை உள்ள விடாத. எனக்குச் சுட்டுச்சு." நீ கேட்டது ஒரு வார்த்தை, "எங்க?" "கால்ல." "நிறுத்திடறேன்" என்று வைத்துவிட்டாய். நாம் சண்டை போடாமல் பேசி முடித்த முதல் போன் அதுதான். அதைவிடச் சண்டையே போட்டிருக்கலாம் என்று இருந்தது.

போனில் வராததை இங்கே சொல்கிறேன்.

பாதி வழியில் இருக்கும்போது, இடது முழங்காலுக்கு உள்பக்கம் ஏதோ இளஞ்சூடாகத் தெரிந்தது. துணி விலகிக் குளிர் பட்டால்கூடச் சில சமயம் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சுத்தியல் அடி ஆரம்பித்ததும் அது கூடியது. நூல் கனம்தான். ஆனால் குள்ளனைக் கடித்தது எதுவோ அதன் பல்தான் இது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. பந்து கையில் இருந்தது. அமுக்கவில்லை. மேலே இருப்பவன் கத்தக் கூடாது. நான் கத்தி, டாக்டர் திடுக்கிட்டு, அவர் கை என் இதயத்துக்குள் அசைந்தால்? அப்படித்தான் அப்போது ஓடியது. அடி நின்றதும் சூடும் ஆறிவிட்டது.

சரி, இறங்கின பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சட்டத்தின் மறுபாதி அதுதானே. வெளியே இழுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். வெகு காலமாக நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கால்தானே, இதயம் இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கேட்டாய், இல்லை என்றேன். ஒரு தடவை இல்லை என்றவனுக்கு அடுத்த தடவை சுலபம். அந்தப் பிள்ளையிடமும் சொன்னேன்.

கால்சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரர்தான் முதலில் பார்த்தார். நாடா பட்டதும் காலை இழுத்துக்கொண்டேன். "இது என்ன, சூட்டுக்கோலால கோடு போட்டாப்பல?" என்றார். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு உன் 19ஆம் தேதிக் கடிதம் வந்தது. படித்து முடித்துவிட்டுப் பேனாவை என் முன்னால் வைத்தார். "ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்றதை என் கையால எழுத மாட்டேன். வேற ஆளைப் பாருங்க. இல்லன்னா போனை எடுங்க" என்றார்.

அவள் அன்று எழுந்து நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. போன் செய்த பிறகும் 25ஆம் தேதி எப்போது போகும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒருவேளை உன் பேச்சை அங்கே யாரும் கேட்காவிட்டால்?

அப்பா

*

ஏப்ரல் 2

அப்பா,

கேட்டார்கள். அவளை உள்ளே விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியவற்றை நீங்கள் கேட்டிருந்தால் தையல்காரர் படிப்பதை நிறுத்தியிருப்பார். எனக்கு இன்னொரு ஜெல்லிப் பொம்மை தேவையில்லை அப்பா. வாய் திறக்காமல் படுத்திருக்க எங்களிடம் மாப்பிள்ளை இருக்கிறார். வாய் இருக்கிறது என்பதற்காகத்தானே உங்களைப் படுக்க வைத்தோம்?

என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டோம். இருதலைக் கொள்ளி என்பார்களே, அந்தக் கம்பி அதுதான். உள்ளே போகும் முனைக்குக் காவல் வைத்தோம். தொடையிலிருந்து வெளியே நீண்டு கிடக்கும் வால் முனையை யாரும் பார்க்கவில்லை. அது உடம்புக்கு வெளியே, துணிக்கு மேலே கிடப்பது, அது யாரை என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். துணி நழுவியிருக்கிறது. வால் உங்கள் முழங்காலில் போய்ப் படுத்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் இது ஏன் ஒருநாளும் தெரியவில்லை தெரியுமா? மாப்பிள்ளைக்குக் கால் இல்லை. இடுப்போடு முடிந்துவிடுவார். இத்தனை வருஷமாக வால் காற்றில் தொங்கியது, சுட்டாலும் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தொட்டியைத் துடைத்து மூடிவிட்டுப் போகிறவள் நான்தான்.

முழங்கால் உயர ரப்பர் பூட்ஸில் ஜெல்லியை ஊற்றி அவருக்குக் கால் வைத்தோம். வாலை அதன்மேல் போட்டு, உங்களுக்கு எடுத்த அதே படங்களை எடுத்தோம். முனையின் எண் அசையவில்லை. வாலின் எண் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தச் சொன்னேன். டாக்டர், "இன்னும் கொஞ்சம், தெரிஞ்சுக்கணும்" என்றார். பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன். குழந்தையின் உடம்பு சின்னது. உள்ளே போகும் கம்பி குறைவு. வெளியே கிடக்கும் வால் உங்களுக்கு இருந்ததைவிட நீளம். அலை உக்கிரமாக இருக்கும் குழாய்ச் சுவர் வரைக்கும் அது போயிருக்கும் அப்பா. அவளுக்கு மயக்க மருந்தும் கொடுத்திருப்போம். சுட்டால் பந்தை அமுக்கக்கூட முடியாது.

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்குச் சுட்ட அந்த நேரத்தில் உங்கள் நாடித் துடிப்பு துள்ளியதைத் திரையில் பார்த்தேன். "பயமா இருக்கும் பாவம்" என்றார் நர்ஸ், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும், "அப்பா, எங்கயாவது சுட்டுச்சா?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "ஒண்ணும் இல்லல்லப்பா?" இல்லை என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

இப்போது வாலைப் பஞ்சுத் தொட்டில் ஒன்றில் படுக்க வைத்து நடுவில் கட்டுகிறோம். வால் முனைக்கு மூடி, அதற்கும் ஒரு தெர்மாமீட்டர். அலையை இன்னும் குறைத்தோம், படம் இன்னும் மணலாகிவிட்டது, டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பழகுகிறார். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், "இப்ப உடம்புல எங்க என்ன தெரியுது?" என்று கேட்போம்.

அவளுடைய அம்மா என்னோடு பேசுவதில்லை. அவள் மட்டும் கேட்டாள், "அந்தத் தாத்தா பொய் சொன்னாரா?" ஆமாம் என்றேன். அவள் ஜூன் வரை காத்திருக்கலாம், அதற்கு மேல் முடியாது. அதற்குள் பூட்ஸ் காலோடும், பிறகு ஒரு பெரியவருக்கும் சரியாக வர வேண்டும். இல்லையென்றால் அவளுக்கு மறுபடி எக்ஸ்ரேதான்.

உங்கள் மறு சோதனையும் ஜூனில். எந்த அறை என்று நான் கேட்கமாட்டேன்.

பெரியவள்

*

ஏப்ரல் 12

பெரியவளுக்கு,

நீ கேட்கவில்லை, நான் சொல்கிறேன். காந்த அறை.

அதற்குத் தையல்காரரிடம் பயிற்சி எடுக்கிறேன். நான் எதிர்பார்க்காத நேரத்தில் ஊசியால் குத்துவார், நான் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் முழுக்கக் குத்து வாங்கியும் வாய் திறக்கவில்லை. "கல்லுளிமங்கன் தோத்தான் போங்க" என்று அலுத்துக்கொண்டார். நேற்றுதான் முதல் முறையாக "ஆ" என்றேன். மாடியிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மட்டும் கை தட்டினார்.

மாப்பிள்ளைக்கு நல்ல பூட்ஸாக வாங்கிப் போடு.

அப்பா

*

ஜூன் 16

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவளுக்கு,

நர்ஸம்மா இதை உன்னிடம் கொண்டுவந்து தருவார். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னைத் தள்ளிக்கொண்டு போவார்கள். எழுதுவது யார் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். பல் முளைத்துவிட்டது, ஆனாலும் ஓட்டைப்பல்லி என்றால்தான் திரும்புகிறாள். அவளுடைய அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சரியாக வந்தால் நாளை மறுநாள் இவள்.

வந்ததும் இவளிடம்தான் முதலில் போனேன். "அன்னைக்குச் சுட்டுச்சு. உங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "எங்க சுட்டுச்சு, காட்டுங்க" என்றாள். காட்டினேன். தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இன்னைக்கும் சுடுமா?" என்றாள். சுடாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "தெரியலை" என்றேன்.

கோபுரத்தில் என்னோடு ஏறியவர்களில் இப்போது நான் ஒருவன்தான் பாக்கி. அவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன். இறங்கின பிறகு சொல்வதற்காக வைத்துக்கொள்ளவில்லை, ஏறுவதற்கு முன்னாலேயே சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளங்கை ஈரமாக இருக்கிறது. பந்து வழுக்கும், துடைத்துவிட்டுத் தரச் சொல். உள்ளே போனதும் கத்துவேன், சின்னச் சூட்டுக்கும் கத்துவேன். நீ திடுக்கிடாதே. கையை மட்டும் சுவிட்சில் வைத்திரு.

"பயமா இருக்குன்னு எழுது" என்றதும் இவள் பேனாவை நிறுத்திவிட்டாள். "யாருக்குன்னு எழுதட்டும் தாத்தா? உங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

ரெண்டு பேருக்கும்னு எழுதச் சொன்னேன்.